முனிரத்தினம் கேட்ட சத்தியம்

தம்பிகளா, உங்களுக்குச் சொல்ல என்னிடம் வீரக் கதை எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, "அண்ணன் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்" என்று மைக்கில் பேசினார்களே, அதெல்லாம் மைக்கோடு போயிற்று. தீயணைப்பு வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவனுக்கு அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வருவதில்லை. வருவதெல்லாம் வேறு.

போன வாரம் ஸ்டேஷன் பக்கம் வந்தேன். ஸ்டோர் ரூம் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க, உங்களில் ஒருவர் கோடாலியை அண்டக் கொடுத்திருந்தார். ஏனப்பா இப்படி என்று கேட்டால், "பெட்ரோல் ரம்பம் கீதே அண்ணா, இத எவன் எடுக்கப் போறான்?" என்று சிரிக்கிறார். எனக்கு வந்ததே கோபம், வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டுத்தான் வந்தேன். டீகூடக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, திட்டியதற்குப் பதிலாகக் காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்று பட்டது. அந்தக் காரணத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். அந்தத் தம்பி இதைப் படித்தால் போதும். மற்றவர்கள் படித்தாலும் சரி.

அண்டக் கொடுத்திருந்தது எந்தக் கோடாலி என்றாவது அவர் பார்த்திருப்பாரா? ஸ்டோரில் இருப்பவை இரண்டு. ஒன்று மெல்லிய அலகு, நீண்ட காம்பு. அது வெட்டுக் கோடாலி. மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கு. இந்தப் பக்கம் சாய்த்து ஒன்று, அந்தப் பக்கம் சாய்த்து ஒன்று போட்டால் நடுவில் சிராய் பெயர்ந்து விழும். இதை வைத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனால் கட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். காலை வைத்து மிதித்து, ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதற்குள் உயிர் போய்விடும்.

இன்னொன்று கனத்தது. முனையில் கூராக இருந்தாலும் பின்னால் போகப் போகத் தடித்துக்கொண்டே போகும். அது பிளக்கிற கோடாலி. அதற்கு வெட்டத் தெரியாது, விலக்கத்தான் தெரியும். நார் ஓடுகிற திசையில் போட்டால் கட்டை வாயைத் திறந்துகொள்ளும். பச்சை மரத்தில் குறுக்கே போட்டால் எகிறி உங்கள் முகத்துக்கே வரும். இதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்று உண்டு. மெல்லிய கோடாலியின் அடி விழுந்த இடத்தோடு நின்றுவிடும். கனத்த கோடாலியின் அடி மரம் முழுக்க ஓடும். மரத்துக்கு அடியில் ஒரு ஆள் கிடந்தால் அவனுக்குள்ளேயும் ஓடும். நான் இதை ஒரே ஒரு முறைதான் கண்ணால் பார்த்தேன்.

புத்தூரிலிருந்து நகரி போகிற ரோட்டை ஒட்டி, விறகு பிளந்து விற்கிற ஒரு தொட்டி இருந்தது. முனிரத்தினத்தின் தொட்டி என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணச் சமையலுக்கு, ஓட்டல் அடுப்புக்கு, செங்கல் சூளைக்கு, சுடுகாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அவரிடமிருந்துதான் விறகு போகும். ஒல்லியான மனிதர். ஆனால் அவர் கோடாலி போடும்போது ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கட்டையை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார், ஓரிடத்தில் போடுவார், அது இரண்டாகப் போய் விழும். பெஞ்சாதி தேசம்மா விறகை அடுக்கி வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் அதுதான் சோறு.

தொட்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு கிழட்டுப் புளியமரம். நான்கு நாளாகப் புயல் மழை விடாமல் கொட்டியது. வேர் இளகி, ஒரு காலை நேரம் அந்த மரம் அப்படியே தொட்டி மேல் சாய்ந்துவிட்டது. தகரக் கொட்டகை நசுங்கிப்போயிற்று. உள்ளே நனைகிற விறகுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த முனிரத்தினம் அடியில் மாட்டிக்கொண்டார்.

எங்களுக்குப் போன் வந்தபோது ஆபீசர் வேறொரு பக்கம் வெள்ள வேலையில் இருந்தார். வண்டியில் சீனியர் நான்தான். என்னோடு சலபதி வந்தார். தெலுங்குக்காரர், மலை மாதிரி ஆள், என்னைவிட வயதில் சின்னவர். எங்கள் ஸ்டேஷனில் கோடாலி, சம்மட்டி எதுவானாலும் சலபதியிடம் கொடுத்துவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம்.

போய்ப் பார்த்தால் நிலைமை இப்படி இருந்தது. மரத்தின் அடி பெருத்து வந்து ஓரிடத்தில் இரண்டு பெரிய கிளையாகப் பிரிந்திருந்தது. அந்தப் பிரிகிற இடத்தைத்தான் கவை என்கிறோம். இடது கிளை விறகு அம்பாரத்தின் மேல் தாங்கி நின்றது. வலது கிளை முனிரத்தினத்தின் வலது தொடையின் மேல் கிடந்தது. இன்னொரு கால் வெளியே. விழுந்த வேகத்தில் கவையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டிருந்தது. மரத்தின் பாரம் அந்தக் கவை வழியாக அவருடைய காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க சார், பயப்படாதீங்க. நான் பொளக்காத மரமா இது?" என்று சிரித்தார். பெஞ்சாதியைக் கூப்பிட்டு, "தேசம்மா, சாருங்க மழையில நனைஞ்சிகினு வந்துகிறாங்க, டீ சொல்லு" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். "மொதல்ல வலிச்சிது சார். இப்ப ஒண்ணும் தெர்ல. மரத்துப் போச்சி" என்றார்.

தம்பிகளா, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கத்துகிறவனைப் பார்த்துப் பதறுவோம். அது இயற்கை. சிரிக்கிறவனைப் பார்த்து நிதானமாகிவிடுகிறோமே, அதுதான் ஆபத்து. சுற்றி நின்ற சனங்களும் அப்படித்தான் நிம்மதியாக நின்றார்கள். ஒருவர் பீடி பற்றவைத்தார். முனிரத்தினம் தெம்பாகத்தான் இருக்கிறார், மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் மனதில் பட்டுவிட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மண் அள்ளுகிற மெஷின் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடையில் தண்ணீர் ஆளுயரம் போய்க்கொண்டிருந்ததால் வர வழியில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று பார்த்தோம். கீழே சேறு, ஜாக்கிதான் உள்ளே இறங்கியது. பலகை போட்டு வைத்தோம், பலகையும் இறங்கியது. உங்களுடைய செல்லப் பிள்ளை பெட்ரோல் ரம்பத்தை எடுத்தோம். பாதி போவதற்குள் மரம் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. அது வராது, அறுக்காது, அங்கேயே மாட்டிக்கொண்டு கிடந்தது. இதிலேயே நேரம் போய்விட்டது.

முனிரத்தினம் கீழே கிடந்தபடியே எங்களுக்கு மேஸ்திரி வேலை பார்த்தார். "சார், நான் சொல்றத கேளுங்க. மிசினு வாணாம். வெட்டுக் கோடாலி எடுங்க. கவைக்கு இந்தாண்ட, கெளையில வெட்டுங்க. சாய்ச்சி சாய்ச்சி வெட்டுங்க. மரம் ஆடாது, எனக்கும் தெரியாது. கெளை தனியா வந்துடும், நாலு பேரு கடப்பாறை போட்டு நெம்பிடலாம்." அவர் சொன்னது சுத்தமான யோசனை. சலபதி மெல்லிய கோடாலியை எடுத்து ஆரம்பித்தார். அழகாகத்தான் போனது. ஆனால் பழைய புளி, உள்ளே வைரம் பாய்ந்திருந்தது. சிராய் விரல் விரலாகத்தான் வந்தது. இன்னும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் என்று சலபதி கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

அப்போது ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த நர்ஸம்மா சின்ன வயதுதான். சேற்றில் மண்டி போட்டு, அவருடைய காலுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டாள். கையில் ஊசி ஏற்றி, சலைன் பாட்டிலை ஒருவரிடம் தூக்கிப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கால் ஜில்லுன்னு இருக்கு சார். ரத்தம் கீழே போகவே இல்லை. எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு?"

சொன்னேன்.

"அவர் பேசறதைப் பார்த்து ஏமாறாதீங்க. நேரம் போகப் போக அந்தக் கால்ல விஷம் சேருது. லேட்டா எடுத்தா, கட்டையைத் தூக்கின உடனே அது அத்தனையும் ஒரே தடவையில இருதயத்துக்குப் போகும். பேசிக்கிட்டே இருக்கிற ஆள் பேசிக்கிட்டே போயிடுவார். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ எடுங்க சார்."

"ஒரு மணி நேரம்?"

அவள் தலையை ஆட்டினாள். முடியும் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. "என்னால சொல்ல முடியாது சார். சீக்கிரம் எடுங்க, அவ்வளவுதான்" என்றாள்.

சீக்கிரம் எடுக்க ஒரு வழிதான் இருந்தது. கவையில் வெடிப்பு விட்டிருக்கிறது. நார் ஓடுகிற திசையும் அதுதான். கனத்த கோடாலியை அந்த வெடிப்பில் போட்டால் கவை பிளந்து, வலது கிளை மரத்தின் பாரத்திலிருந்து பிரிந்துவிடும். சில நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு அடியும் அந்தக் கிளை வழியாக நேரே அவருடைய தொடையில் இறங்கும். பிரியும்போது கிளை புரளலாம். எந்தப் பக்கம் புரளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் வண்டியில் இருந்ததைவிடக் கனமான கோடாலி அங்கேயே தொட்டியில் சுவரில் சாய்ந்திருந்தது. முனிரத்தினத்தின் சொந்தக் கோடாலி. அதை எடுத்து வந்தேன்.

அதைப் பார்த்ததும்தான் அவருடைய சிரிப்பு போயிற்று. "சார், அத இன்னாத்துக்கு எட்த்துகினு வரீங்க?" என்றார்.

தேசம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாத்தான் பேசிக்கினு கீறாரே சார். இன்னாத்துக்கு சார் அவசரம்? மெல்ல வெட்டுங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். அது வாணாம் சார்."

நர்ஸம்மா சொன்னதை இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. எப்படி ஏறும்? புருஷன் கண் முன்னால் டீ சொல்லிக்கொண்டிருக்கிறான், நான் வந்து செத்துப்போவான் என்கிறேன். அவளை விலக்கச் சொன்னேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

சலபதியிடம் கோடாலியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வத்தன்னா. நேனு கொட்டலேனு" என்றார். வேண்டாம் அண்ணா, என்னால் அடிக்க முடியாது என்கிறார். அந்த மலை மாதிரி ஆளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. முடிவு என்னுடையது. முடிவு எடுத்தவனேதான் அடிக்க வேண்டும். இன்னொருவன் கையால் அடிக்க வைத்துவிட்டு ராத்திரி படுத்துத் தூங்கக் கூடாது. இதை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி போட்டேன். மரம் முழுக்க அதிர்ந்தது. அதுவரை மரத்துக் கிடந்த காலில் வலி திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது. முனிரத்தினம் போட்ட சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. ரோட்டில் நின்ற சனங்கள் அத்தனை பேரும் பின்னால் போனார்கள்.

"டேய்! அத போடாதடா! அது பொளக்குற கோடாலிடா பாவி! சின்னத எட்றா!"

சார் என்று கூப்பிட்ட வாய் டேய் என்றது. அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்னது மரத்துக்குச் சரி என்பதுதான் என்னை வதைத்தது. அந்த ஜில்லாவிலேயே மரத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து யாரும் கிடையாது. அவர் வேண்டாம் என்கிறார், அவருடைய பெஞ்சாதி வேண்டாம் என்கிறாள், கூட வேலை செய்கிறவர் வேண்டாம் என்கிறார். வேண்டும் என்று சொன்னது ஒரு சின்னப் பெண்ணின் பயம். நான் அந்தப் பயத்தை நம்பினேன். மறுபடி போட்டேன். மறுபடி போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. சனத்தில் யாரோ, "கொன்னுடுவான் போல கீதே, கல்லு மனசுக்காரன்" என்று சொன்னது காதில் விழுந்தது. மழைத் தண்ணீரில் காம்பு வழுக்கியது. கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் போட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள், மழையில் எனக்கே தெரியவில்லை.

கடைசி அடியில் கவை பிளந்துகொண்டது. கிளை பிரிந்தது. பிரிந்த வேகத்தில் அரைச் சுற்று புரண்டு அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரு தடவை உட்கார்ந்தது. அந்த எலும்புச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த நொடியே கடப்பாறை போட்டு நெம்பி, ஆளை வெளியே இழுத்துவிட்டோம். உயிரோடு இருந்தார். நினைவில்லை. ஆம்புலன்ஸ் திருப்பதிக்குப் பறந்தது.

திருப்பதியில் அவருடைய காலை எடுத்துவிட்டார்கள். தொடைக்குப் பாதியில். உயிர் மட்டும் தப்பியது.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். "ஆள் பிழைத்ததே பெரிசு" என்றார். அது எனக்கும் தெரிகிறது ஐயா, கால் எதனால் போயிற்று என்று கேட்டேன். மரம் விழுந்ததாலா, நேரம் போனதாலா, கடைசியில் கிளை புரண்டதாலா? டாக்டர் நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். மூன்றும் சேர்ந்திருக்கும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். மெதுவாக வெட்டியிருந்தால் காலோடு ஆளும் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். பிழைத்திருக்கலாம், காலோடு ஆளும் போயிருக்கலாம், தெரியாது என்றார்.

எனக்கு மெமோ எதுவும் வரவில்லை. ஆபீசர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தச் சம்பவத்துக்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட வந்தது. அதை நான் வீட்டில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

தொட்டியைத் தேசம்மா நடத்தினாள். பிளக்க ஆள் வைத்துக்கொண்டாள். முனிரத்தினம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வண்டி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். சலபதி ஒரு முறை இறங்கிப் பேசிவிட்டு வந்தார். விறகு வாங்க வருகிறவர்களிடம், இரண்டு குச்சியை எடுத்துக் கவை மாதிரி வைத்து, இப்படி வெட்டியிருந்தால் கால் நின்றிருக்குமா நின்றிருக்காதா என்று முனிரத்தினம் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். நின்றிருக்கும் என்று சிலர் சொல்வார்கள், நின்றிருக்காது என்று சிலர். எவர் என்ன சொன்னாலும் மறுநாள் மறுபடி குச்சியை எடுத்துவிடுகிறாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த ரோடே பிடிக்காமல் போயிற்று.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் எனக்குப் போன் வந்தது. முனிரத்தினம்தான். யார் நம்பர் கொடுத்தார்கள் என்று தெரியாது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"சார், காணிப்பாக்கம் வரீங்களா?"

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வெளி ஜில்லாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். காணிப்பாக்கத்து விநாயகன் சத்தியத்துக்குச் சாமி. வரப்புத் தகராறு, திருட்டுப் பழி, புருஷன் பெஞ்சாதி சந்தேகம், எதுவானாலும் பேசித் தீரவில்லை என்றால் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அவன் எதிரில் நின்று சத்தியம் செய்துவிட வேண்டியது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். அங்கே பொய் சொன்னவனை அவன் சும்மா விடமாட்டான் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சலபதியிடம் சொன்னேன். "போகாதீங்க அண்ணா. போனா தப்பு உங்க மேலன்னு ஆயிடும்" என்றார். என் பெஞ்சாதியும் அதையேதான் சொன்னாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நான் என்ன திருடினேனா? உயிரைக் காப்பாற்றியவனைக் குளத்தில் முக்கிக் கேட்கப் போகிறாயா? வருகிறேன் ஐயா, வந்து சத்தியம் பண்ணுகிறேன், பிறகு உன் வாயை மூடு. இப்படி மனதுக்குள் பேசிக்கொண்டேதான் காணிப்பாக்கம் போகச் சித்தூர் பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டேன். "உன் உயிரைக் காப்பாத்தணும்னுதான் அடிச்சேன், வேற எண்ணம் எனக்கு இல்லை." இது பொய்யே இல்லை. இதை எந்தச் சாமி எதிரிலும் சொல்லலாம்.

குளத்தங்கரையில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். முனிரத்தினம் கக்கத்தில் கட்டை ஊன்றி நின்றார். ரொம்ப இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. படியிறங்க அவரால் முடியாது. தேசம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, படியிலேயே உட்கார வைத்து அவர் தலையில் ஊற்றினாள். நான் இறங்கி முழுகி வந்தேன்.

கோயில் வாசலுக்குப் போகும் முன்பே நான் தயார் செய்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது எனக்குத் தெரியும் சார். அத நான் கேக்கல."

"பின்னே என்ன கேக்கறீங்க முனிரத்தினம்?"

"சின்னக் கோடாலியால வெட்டியிருந்தாலும் இந்தக் காலு போயிருக்கும். இத மட்டும் சொல்லுங்க சார். இங்க நின்னு சொல்லுங்க. போதும்."

நான் நின்றேன். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சனங்கள் பிள்ளைகளோடு முழுகி எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். நர்ஸம்மா தலையை ஆட்டியதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கிளை புரண்டதை நினைத்தேன். போயிருக்கும் என்றுதான் நான் நம்பினேன். ஆனால் நம்புவது வேறு, அந்தப் படியில் நின்று சொல்வது வேறு. எனக்குப் பயமாக இருந்தது, தம்பிகளா. எரிகிற பஞ்சு மில்லுக்குள் போயிருக்கிறேன், கிணற்றில் இறங்கியிருக்கிறேன். அந்தப் படியில் பட்ட பயத்தை எங்கும் பட்டதில்லை.

"எனக்குத் தெரியாது முனிரத்தினம். அதை என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். "செரி சார்" என்றார். அவ்வளவுதான். கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடக்க ஆரம்பித்தார். சாமியைக்கூடப் பார்க்கவில்லை.

தேசம்மா அவரோடு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டவள், இப்போது எட்டியே நின்றாள்.

"ஒங்கள கோர்ட்டுக்கா சார் இட்டுகினு வந்தோம்? ஒங்க மேல பழி போடவா வந்தோம்? அந்த ஆளு தூங்கி வருசமாச்சி சார். எந்நேரமும் அந்த மரத்தையே வெட்டிகினு கீறாரு. காணிப்பாக்கத்துல ஒருத்தர் சொல்லிட்டா அத நம்பிடுவாரு, அத்தோட உட்டுடுவாருன்னுதான் கடன்காரன் மாதிரி ஒங்கள கூப்ட்டு வர வெச்சோம். ஒரு பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாமே சார். சாமி குத்தம்னா எம்மேல போட்டுக்கினு இருப்பேனே."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டாள். வழக்காட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் வழிநெடுக என் பக்கத்து நியாயத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். அந்த மனிதன் என்னிடம் தூக்கம் கேட்டு வந்திருக்கிறான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

நீங்களும் ஒரு நாள் இரண்டு கோடாலிக்கு நடுவில் நிற்பீர்கள். அப்போது உங்கள் பக்கத்தில் ஆபீசரும் இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன். அந்தப் புளியமரத்தை இன்றைக்கு மறுபடி கொண்டுவந்து போட்டு, அவரையும் அடியில் கிடத்தினால், கண்ணை மூடிக்கொண்டு அதே கனத்த கோடாலியை அதே கவையில் போடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காணிப்பாக்கத்துப் படியில் மறுபடி நிற்க வைத்தால் என்ன சொல்வேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.